புதுச்சேரி – வேளாங்கண்ணி நடைபயணம்: எந்தக் குழுவில் சேர்வது?

முத்தியால்பேட்டை மகள் கேட்கிறார்:

மரியே வாழ்க. இந்த வருஷத் திருவிழாவுக்கு அம்மாவும் நானும் நடந்தே வேளாங்கண்ணி போறதா முடிவு பண்ணியிருக்கோம். தனியா போற எண்ணம் இல்ல, குழுவோடதான். விசாரிச்சதுல ரெண்டு குழு கிடைச்சிருக்கு.

முதல் குழு ஆகஸ்ட் 22 விடியக்காலையில ஜென்மராக்கினி மாதா கோயில்ல இருந்து கிளம்பி 28 சாயங்காலம் போய்ச் சேருது. மறுநாள் கொடியேற்றம் பார்க்கலாம். ரெண்டாவது குழு செப்டம்பர் 3 ராத்திரி கிளம்பி 7-ம் தேதி சாயங்காலம் பெரிய தேர் பவனிக்குப் போய்ச் சேருது. இதுல தெரிஞ்சவங்க நிறைய பேர் இருக்காங்க, லீவும் கம்மியா எடுத்தா போதும்.

அம்மாவுக்கு 57 வயசு. 8 வருஷமா சர்க்கரை இருக்கு. மாத்திரைதான், ஊசி இல்ல. தினமும் பீச் ரோட்ல ஒரு மணி நேரம் நடப்பாங்க. வெறுங்காலோட நடந்து வர்றதா மாதாவுக்கு நேர்ந்திருக்காங்க.

எந்தக் குழு சரிப்படும்? இப்போ ஜூலை ஆரம்பம், அதுக்குள்ள எப்படிப் பழகணும்? பையில என்னென்ன வைக்கணும்? வழியில பொம்பளைங்களுக்குக் கழிப்பறைக்கு என்ன வழி? விவரம் தெரிஞ்சவங்க சொன்னா உதவியா இருக்கும்.

கெடிலக்கரை:

சகோதரி, லீவையும் தெரிஞ்சவங்களையும் கொஞ்சம் ஒதுக்கி வச்சுட்டு, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் வருதுன்னு முதல்ல கணக்குப் போடுங்க.

புதுச்சேரியில இருந்து கடலூர் 22, கடலூர்–சிதம்பரம் 43, சிதம்பரம்–சீர்காழி 20, சீர்காழி–தரங்கம்பாடி 28, தரங்கம்பாடி–காரைக்கால் 14, காரைக்கால்–நாகூர் 12, நாகூர்–நாகப்பட்டினம் 6, நாகை–வேளாங்கண்ணி 12. எங்க கிளம்பி எங்க தங்குறோம்ங்கறதைப் பொறுத்து ஒன்று ரெண்டு முன்னப்பின்ன இருக்கும். மொத்தம் ஏறக்குறைய 160 கிலோமீட்டர். 7 நாள்னா ஒரு நாளைக்கு 23. 4 நாள்னா 40.

இந்த 40 ஏன் ஆகாதுன்னு பாருங்க. குழுவா நடக்கும்போது தண்ணி குடிக்க, செபம் சொல்ல, பின்னாடி வர்றவங்களுக்காக நிற்கன்னு எல்லாம் சேர்த்தா மணிக்கு 3 கிலோமீட்டர்தான் ஓடும். ஆகஸ்ட் கடைசியில நம்ம கடற்கரை ஓரத்துல நடக்கத் தோதான நேரம் விடியக்காலை 2.30-ல இருந்து 8.30 வரைக்கும், அப்புறம் சாயங்காலம் 4.30-ல இருந்து 9 வரைக்கும். ரெண்டும் சேர்த்து பத்தரை மணி நேரம். அதுல 31 கிலோமீட்டருக்கு மேல போக முடியாது. மிச்சத்தை ஒன்னு உச்சி வெயில்ல நடக்கணும், இல்லைன்னா தூக்கத்தை விட்டு நடுராத்திரியில நடக்கணும். 4 நாள் குழுவுல ரெண்டும் நடக்கும். மூணாவது நாள்ல ஆட்கள் விழுறது வெயிலால மட்டும் இல்ல, தூக்கம் இல்லாததாலயும்தான். 57 வயசுல, சர்க்கரையோட, அந்தக் குழு வேண்டவே வேண்டாம்.

7 நாள் குழுவுல நாள் வாரியா எங்க தங்குறாங்கன்னு எழுதி வாங்கிக்குங்க. நல்லாத் திட்டம் போட்ட குழுன்னா கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: முதல் நாள் அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியகோயில் தாண்டி, தென்பெண்ணைப் பாலம் ஏறி இறங்கிக் கடலூர். ரெண்டாவது நாள் கடலூர் ஓ.டி., சிப்காட், ஆலப்பாக்கம் வழியாப் புதுச்சத்திரம், சுமார் 25. மூணாவது நாள் பி.முட்லூர், வெள்ளாறு, சிதம்பரம், 18 தான். உடம்பு முதல் ரெண்டு நாள் அடியை வாங்கிக்கிட்டு நிற்கிற நாள் அது, குறைவா வச்சிருக்கறது நல்லது. நாலாவது நாள் வல்லம்படுகை, கொள்ளிடம், சீர்காழி. அஞ்சாவது நாள் ஆக்கூர், திருக்கடையூர் வழியாத் தரங்கம்பாடி, 28. ஆறாவது நாள் பொறையாறு, காரைக்கால் கடந்து திருமலைராயன்பட்டினம், 20. கடைசி நாள் நாகூர், நாகை, வேளாங்கண்ணி, 24.

இதுல அஞ்சாவது நாள்தான் நிறைய பேர் வண்டியில ஏறுற நாள். சீர்காழி தாண்டினா வயல்வெளி, நிழல் கம்மி, ஊருக்கு ஊர் இடைவெளி ஜாஸ்தி. காலையில திருக்கடையூர் வரைக்கும் 20 கிலோமீட்டரை முடிச்சு, மிச்ச 8-ஐ சாயங்காலம் நடந்தா சமாளிக்கலாம். காலையில 14-ல நிறுத்திட்டா சாயங்காலமும் 14 பாக்கி இருக்கும், தரங்கம்பாடி போய்ச் சேர ராத்திரி ரொம்ப நேரம் ஆயிடும்.

குழுத் தலைவர்கிட்ட நேர்ல கேட்க வேண்டியதைச் சொல்றேன். எத்தனை பேர் வர்றாங்க, கூட எத்தனை வண்டி? 40 பேருக்குச் சாமான் ஏத்த ஒரு குட்டியானை லோடு வண்டியும், நடக்க முடியாதவங்களை உட்கார வைக்கத் தனியா ஒரு வேனும் வேணும். ஒரே குட்டியானையில சமையல் பாத்திரம், கேஸ், மூட்டை, மயங்கி விழுந்தவங்க எல்லாத்தையும் ஏத்துற குழுவை ஒதுக்குங்க. முன்னாடி ஒருத்தர், கடைசியில ஒருத்தர் கொடி பிடிச்சு வருவாங்களா? கடைசி ஆளுக்குப் பின்னாடி யாரும் இல்லன்னு யார் பொறுப்பு? தங்குற இடத்துக்கு முன்கூட்டியே பங்குச்சாமிகிட்டயோ மண்டபத்துலயோ சொல்லி வச்சாச்சா, இல்ல போய்ப் பார்த்துக்கலாமா? வழியில போலீஸ் ஸ்டேஷன்களுக்குக் கடிதம் கொடுத்தாச்சா? புதுச்சேரி, கடலூர், மயிலாடுதுறை, காரைக்கால், நாகைன்னு அஞ்சு எல்லை மாறுது. குடிச்சா குழுவை விட்டு அனுப்பிடுவீங்களா? கடைசிக் கேள்விக்கு உடனே 'ஆமா'ன்னு வரணும். புதுச்சேரியில ஒரு தடவை, காரைக்கால்ல ஒரு தடவை ஒயின்ஷாப் வழியிலயே வருது. ராத்திரி மூணு மணிக்கு ரோட்ல தள்ளாடுற ஒரு ஆள் பின்னாடி வர்ற முப்பது பேருக்கும் ஆபத்து.

மாதா சுரூபத்தைச் சப்பரத்துல வச்சு இழுத்துட்டுப் போற குழுன்னா, தரையில இருந்து உச்சி வரைக்கும் எவ்வளவு உயரம்னு கட்டாயம் கேளுங்க. இரும்புச் சட்டம், மேல சீரியல் பல்பு, அதுக்கும் மேல குடை வச்சு 14 அடி வரைக்கும் கட்டிடறாங்க. ஊருக்குள்ள தெரு குறுகலான இடத்துல தாழ்வா ஒரு மின்கம்பி வரும். ரெண்டு பையன்கள் மூங்கில் கழியால அதைத் தூக்கிப் பிடிப்பாங்க, சப்பரம் கீழ போகும். பனியில ஈரமான மூங்கில்ல மின்சாரம் பாயும்ங்கறது அந்த நேரத்துல யாருக்கும் ஞாபகம் வராது. சப்பரம் கூட வர்ற வண்டியோட உயரத்தைத் தாண்டக் கூடாது. அவ்வளவுதான் விதி.

மருந்துப்பெட்டி:

அம்மாவின் காலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றதை மற்றவர்கள் சொல்வார்கள்.

எட்டு வருடச் சர்க்கரை என்றால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்க வாய்ப்பு உண்டு. குறைந்திருப்பது அவர்களுக்கே தெரியாது என்பதுதான் இதில் பயப்பட வேண்டிய விஷயம். கல் குத்தினால் வலிக்காது, தார் சுட்டால் தெரியாது, கொப்புளம் உடைந்து செருப்பு நனைந்த பிறகுதான் கவனிப்பார்கள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே சர்க்கரை மருத்துவரிடம் பாதப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நைலான் நரம்பு ஒன்றைப் பாதத்தில் பல இடங்களில் தொட்டு, கண்ணை மூடச் சொல்லி "தெரியுதா" என்று கேட்பார்கள். பத்து நிமிட வேலை. ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனையிலும் பார்க்கலாம், சர்க்கரை மருத்துவர் பலரும் தம் கிளினிக்கிலேயே பார்ப்பார்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் வெறுங்கால் என்ற பேச்சே கூடாது. குறையாவிட்டாலும் 160 கிலோமீட்டர் வெறுங்காலோடு வேண்டாம். மதியம் தார்ச்சாலை 50 டிகிரியைத் தாண்டுகிறது, சாயங்காலம் 4.30-க்கு வெயில் இறங்கினாலும் தார் இறங்குவதில்லை.

மாத்திரை என்னவென்று சீட்டில் பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் நடக்கும்போது சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. கிளிமிபிரைடு சேர்ந்திருந்தால் இறங்கும். தினம் ஒரு மணி நேரம் நடப்பவருக்கு எழுதிக்கொடுத்த அளவு அது. ஏழு மணி நேரம் நடக்கும் நாளுக்கு அதே அளவு கூடுதலாக இருக்கலாம். எந்த வேளை, எவ்வளவு என்பதை மருத்துவரே மாற்றித் தர வேண்டும், நீங்களாகக் குறைக்காதீர்கள். விடியற்காலை 3 மணிக்கு வெறும் டீ குடித்துவிட்டு மாத்திரை போட்டு நடப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. மாத்திரை எப்போதும் சாப்பாட்டோடு. கிளம்பும் முன் இரண்டு இட்லியோ, நாலு பிஸ்கட்டோடு ஒரு வாழைப்பழமோ உள்ளே போயிருக்க வேண்டும்.

கை நடுக்கம், திடீர் வியர்வை, காரணமில்லாத எரிச்சல், பேச்சுக் குழறல் வந்தால் உடனே 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலந்து கொடுங்கள். பதினைந்து நிமிடம் உட்கார வைத்துவிட்டுக் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழேயே நின்றால் இன்னொரு முறை. சரியான பிறகு சாப்பிடக் கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். குளுக்கோமீட்டர், ஸ்டிரிப், சர்க்கரைப் பொட்டலம் மூன்றும் உங்கள் தோள் பையில் இருக்க வேண்டும். குட்டியானையில் போட்ட மூட்டை தேவையான நேரத்தில் இரண்டு கிலோமீட்டர் முன்னால் போயிருக்கும்.

ஷூ இன்றே வாங்குங்கள். சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போய், நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கும்படி எடுங்கள். வழக்கமான அளவைவிட அரை அளவு, சிலருக்கு ஒரு அளவு பெரிதாக வரும். கிளம்பும் முன் அந்த ஷூவில் குறைந்தது 100 கிலோமீட்டர் நடந்திருக்க வேண்டும். திருவிழாவுக்கு என்று புதுசு வாங்கிக் கிளம்பும் அன்று போடுகிறவர்கள் பெரும்பாலும் கடலூருக்கு வந்து சேரும்போதே நொண்டுவார்கள். காலுறை முழுப் பருத்தியாக இருந்தால் வியர்வையை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு தோலை ஊற வைக்கும். விளையாட்டுக்காரர்கள் போடும் செயற்கை இழைக் காலுறை நாலு ஜோடி எடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஷூவைக் கழற்றி, காலைத் துடைத்து, காலுறையை மாற்றி, ஈரமானதைப் பைக்கு வெளியே ஊக்கு குத்தித் தொங்கவிடுங்கள், காய்ந்துவிடும். நகத்தைக் கிளம்புவதற்கு நாலு நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள்.

கொப்புளம் வருவதற்கு முன்னால் அந்த இடம் சுடும். அந்தச் சூடு தெரிந்த நொடியில் நின்று மைக்ரோபோர் டேப் ஒட்டினால் பாதிக் கொப்புளம் வராது. "அடுத்த நிறுத்தத்தில் பார்த்துக்கலாம்" என்று நடக்கும் அரை மணி நேரத்தில்தான் தோல் பிரிகிறது. வந்துவிட்டால், சின்னதாக இருந்தால் உடைக்காமல் டேப் ஒட்டுங்கள். பெரிதாகி நடக்கவே முடியாவிட்டால் மட்டும், ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் இரண்டு இடத்தில் குத்தி, நீரை அழுத்தி எடுத்து, மேல்தோலை அப்படியே விட்டு, பெட்டாடின் தடவிக் கட்டுங்கள். ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்துக்குள்ளேயே நூலை விட்டுவைப்பது நம் பக்கத்தில் பழக்கம். நூல் வழியாக அழுக்கு உள்ளே போகும். அம்மாவுக்கு இந்த ஊசி வேலையே வேண்டாம். கொப்புளம் வந்தால் அன்றைக்கு வண்டி, அடுத்த ஊரில் டாக்டர்.

ஓ.ஆர்.எஸ். (தண்ணீரில் கலக்கும் உப்பு-சர்க்கரைத் தூள்) வாங்கும்போது பாக்கெட்டைப் படியுங்கள். பெரியது 1 லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரியதை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டினால் உப்பும் சர்க்கரையும் இரண்டு மடங்கு. சரியாகக் கலந்தால் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான், சர்க்கரை உள்ளவர்களும் குடிக்கலாம். அட்டைப் பெட்டியில் பழச்சுவையோடு வருவது வேறு, அதில் சர்க்கரை பல மடங்கு. வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் கூடாது, உடம்பில் உப்பு இறங்கித் தலைசுற்றும். மணிக்கு அரை லிட்டர் கணக்கில், ஒரு பாட்டில் தண்ணீர், அடுத்தது உப்புப் போட்ட மோரோ ஓ.ஆர்.எஸ்.ஸோ. சிறுநீர் அதிகம் போக வைக்கும் பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆல்பேட்டை அக்கா:

கழிப்பறை கேள்விக்கு வர்றேன் தங்கச்சி. குழு நடத்துறவங்க முக்கால்வாசி ஆம்பளைங்க, அவங்களுக்கு இது ஒரு பிரச்சனைன்னே தோணாது. நீங்கதான் வாய்விட்டுக் கேட்கணும்.

இதுல பெரிய ஆபத்து என்னன்னா, ஒதுங்க இடம் இல்லையேன்னு பொம்பளைங்க தண்ணி குடிக்காம நடக்கறது. ரெண்டு நாள்ல நீர்க்கடுப்பு வந்துடும், காய்ச்சலும் கூட வரும். தண்ணியைக் குறைக்காதீங்க, இடத்தைத் தேடி வச்சுக்குங்க. மெயின் ரோட்ல சில கிலோமீட்டருக்கு ஒரு பெட்ரோல் பங்க் வரும், அங்க கழிப்பறை இருக்கும். ராத்திரியில பூட்டி வச்சிருப்பாங்க, கேட்டா சாவி தருவாங்க. கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகை பஸ் ஸ்டாண்டுல கட்டணக் கழிப்பறை, சில்லறை கையில இருக்கணும். தங்குற இடம் பள்ளிக்கூடமோ மண்டபமோ, எத்தனை கழிப்பறை, தண்ணி வருதான்னு கேளுங்க. 40 பேர் குழுவுல 25 பொம்பளைங்கன்னா ரெண்டு கழிப்பறை பத்தாது. 2.30-க்குக் கிளம்பணும்னா 1.30-க்கே வரிசை நிற்கும். அதனால முதல்ல எழுந்துடுங்க. மாதவிலக்கு நாள் அந்த வாரத்துல வருதான்னு பார்த்து, நாப்கின், பழைய நியூஸ்பேப்பர், கட்டுப்பை எல்லாம் தோள் பையிலயே வைங்க.

காவிப் புடவையிலதான் நடக்கணும்னு சில குழு சொல்லும், சில குழு காவிச் சுடிதாருக்கும் சம்மதிக்கும். புடவைன்னா கணுக்காலுக்கு நாலு விரக்கடை மேல ஏத்திக் கட்டுங்க. கீழ் ஓரம் பனியில நனைஞ்சா கெண்டைக்கால்ல அறுக்கும். உள்ளே முட்டி வரைக்கும் வர்ற இறுக்கமான லெக்கிங்ஸ் போட்டாதான் தொடை உரசாது. அதோட தொடையில வாசலினும் தடவணும். பவுடர் போடாதீங்க, வியர்வையில கட்டியாகி மணல் மாதிரி அறுக்கும்.

வண்டியில போடுற மூட்டை 5 கிலோவுக்கு மேல வேண்டாம். மூணு செட் துணி, பாய், போர்வை, துண்டு, சோப்பு, தட்டு, டம்ளர், கொசுவுக்குத் தடவுற கிரீம், மழைக்கு ஒரு பெரிய பிளாஸ்டிக் ஷீட். அந்த மாசத்துல சாயங்காலம் இடி மழை திடீர்னு வரும். எல்லார் மூட்டையும் காவித் துணியிலயேதான் இருக்கும், ராத்திரி இருட்டுல தேடி அலுத்துப்போகும். அதனால பச்சையோ நீலமோ ஒரு ரிப்பன் கட்டி, பேரையும் போன் நம்பரையும் எழுதித் தைச்சுடுங்க. தோள்ல மாட்டுற பை 2 கிலோ, தண்ணியோட சேர்த்து. மருந்துப்பெட்டி சொன்ன சர்க்கரைச் சாமான், காலுறை, டேப், டார்ச், செபமாலை, ஆதார் நகல், கொஞ்சம் பணம். ஒரு பக்கம் மட்டும் தொங்குற ஜோல்னாப் பை வேண்டாம், மூணாவது நாள் இடுப்பு ஒரு பக்கமா இழுத்துக்கும்.

இன்னொன்னு, போன் சார்ஜ். மண்டபத்துல ரெண்டு பிளக் இருக்கும், நாற்பது போன் இருக்கும். பவர் பேங்க் ஒன்னு எடுத்துக்குங்க.

முத்தியால்பேட்டை மகள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 7 நாள் குழுன்னு முடிவாயிடுச்சு. ஆனா அம்மா ஷூ விஷயத்துல அழறாங்க. மாதாவுக்கு வாக்குக் கொடுத்துட்டு மாத்தினா குத்தமாயிடும்னு சொல்றாங்க. என்னால பதில் சொல்ல முடியல.

உப்பளம் பங்கு:

அம்மாவுக்கு இதை அப்படியே படித்துக் காட்டுங்கள். திருச்சபைச் சட்டமே இதற்கு வழி வைத்திருக்கிறது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் 1197-ஆம் எண்: தனிப்பட்ட முறையில் நேர்ந்துகொண்ட ஒருவர், தாமே அதை அதற்குச் சமமான அல்லது அதைவிட மேலான வேறொரு நற்செயலாக மாற்றிக்கொள்ளலாம். அதற்கு முந்தைய 1196-ஆம் எண்ணின்படி, தக்க காரணம் இருந்தால் பங்குத்தந்தையே நேர்ச்சையிலிருந்து விடுவிக்கலாம். ஆகையால் குற்றம் என்ற அச்சத்துக்கு இடமே இல்லை. ஞாயிறு பூசைக்குப் பிறகு சாமியாரிடம் போய், உடல்நிலையைச் சொல்லி, மாற்றிய நேர்ச்சையை அவர் முன்னால் சொல்லி ஆசீர் வாங்கிக்கொண்டால் அம்மாவின் மனம் அமைதியாகிவிடும்.

எதாக மாற்றுவது? ஒவ்வொரு நாளும் கூடுதலாக 53 மணிகள் கொண்ட செபமாலை ஒன்று. அல்லது வழியில் குழுவில் பின்தங்கும் ஒருவருக்குத் துணையாகக் கூடவே நடப்பது. செருப்பு இல்லாமல் நடப்பதைவிட இது எளிதும் இல்லை, சின்னதும் இல்லை.

வேளாங்கண்ணியில் பேராலயத்திலிருந்து நடுத்திட்டு நோக்கிப் போகும் மணல் பாதையில் முழங்காலில் போவார்கள். மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவனுக்கு மாதா காட்சி தந்த இடம் அந்த நடுத்திட்டு. அந்த மணலிலாவது வெறுங்காலோடு நடக்க வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டால், பாதப் பரிசோதனையில் உணர்ச்சி சரியாக இருந்து, காலில் புண் எதுவும் இல்லாமல் இருந்தால், சூரியன் ஏறும் முன் நடக்கட்டும். பத்து மணிக்கு மேல் அந்த மணல் சுடும். நடந்து முடித்ததும் விரல் இடுக்கு வரை கழுவித் துடைத்து, வெட்டு கீறல் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். முழங்காலில் போவது ஏழு நாள் நடந்த மூட்டுக்கு ஏற்றதல்ல, அதை இன்னொரு முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கெடிலக்கரை:

உப்பளம் பங்கு சொன்னதுக்கு மேல அதுல சொல்ல ஒன்னும் இல்ல. பழகுற விஷயத்தை யாரும் சொல்லல, நான் சொல்றேன்.

பீச் ரோடு ஆரம்பத்துக்கு நல்ல இடம், சாயங்காலம் 6 மணிக்கு மேல வண்டி விடமாட்டாங்க. ஆனா அங்க ஒரு மணி நேரம் நடக்கறது ஏழு மணி நேரத்துக்குப் பழக்கம் ஆகாது. உங்ககிட்ட 7 வாரம் இருக்கு. முதல் ரெண்டு வாரம் வாரத்துக்கு நாலு நாள் 6 கிலோமீட்டர், ஞாயிறு 10. அடுத்த ரெண்டு வாரம் ஞாயிறுதோறும் சுண்ணாம்பாறு படகுக் குழாம் வரைக்கும் போய்த் திரும்புங்க, 16 வரும். அஞ்சாவது வாரம் சனி 15, ஞாயிறு 15. அடுத்தடுத்த நாள் நடக்கறது முக்கியம். வலிக்கிற காலோட மறுநாள் எழுந்து நடக்கறதுதான் இந்தப் பயணமே. ஆறாவது வாரம் சனிக்கிழமை வில்லியனூர் லூர்து மாதா கோயிலுக்கு நடந்து போய் நடந்தே திரும்புங்க, 20 ஆகும். மறுநாள் 15. ஏழாவது வாரம் 5 கிலோமீட்டருக்கு மேல போகாதீங்க, உடம்பு தேறட்டும். எல்லாம் அதே ஷூ, அதே காலுறை, 2 கிலோ பையோட. ஒரு தடவையாவது விடியக்காலை 3 மணிக்குக் கிளம்பிப் பாருங்க, அம்மாவோட சர்க்கரை அந்த நேரத்துல எப்படி இருக்குன்னு அப்பத்தான் தெரியும்.

ஆறாவது வாரம் 20-ம் 15-ம் முடிச்சு திங்கட்கிழமை சாதாரணமா வேலைக்குப் போக முடிஞ்சா அம்மா தயார். முடியலன்னா நாகப்பட்டினம் வரைக்கும் பஸ்ல போய், கடைசி 12 கிலோமீட்டரைக் குழுவோட சேர்ந்து நடக்கலாம். அதுவும் நடைபயணம்தான்.

காரைக்கால்காரன்:

ரோட்டைப் பத்தி நாலு வார்த்தை.

விடியக்காலை 3-ல இருந்து 5 வரைக்கும் லாரி டிரைவருக்குக் கண் சொக்குற நேரம். அதே நேரத்துலதான் நாம நடக்கிறோம். வலது பக்கமா, எதிர்ல வர்ற வண்டி நம்ம கண்ணுக்குத் தெரியற மாதிரி நடக்கணும். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, ரெண்டு ரெண்டு பேரா. பாலத்துல ஒத்தையா. கொள்ளிடம் பாலம் நீளம், நடுவுல நின்னு போட்டோ எடுக்கக் கூடாது. காவித் துணி இருட்டுல கறுப்பாத்தான் தெரியும், டிரைவர் கண்ணுக்கு ஆளே படாது. ஒளி எதிரொலிக்கிற டேப்பை முதுகுலயும் ரெண்டு கணுக்கால்லயும் ஒட்டிக்குங்க. கணுக்கால் அசையறதாலதான் தூரத்துலயே ஆள்னு தெரியும். கடைசி ஆள் கையில சிவப்பு மின்னுற விளக்கு இருக்கணும். வண்டி மைக்குல பாட்டை அலற விட்டா பின்னாடி வர்ற ஹாரன் கேட்காது. ராத்திரியில மைக்கை நிறுத்தச் சொல்லுங்க, வாயாலயே பாடிட்டுப் போங்க.

நாலுவழிச்சாலை வந்த இடத்துல புறவழி ஊரை விட்டு விலகிப் போகும். குழு ஊருக்குள்ள பழைய ரோட்லதான் போகணும், தண்ணி, கழிப்பறை, டாக்டர் எல்லாம் அங்கதான். புறவழியும் பழைய ரோடும் பிரியுற இடத்துல வண்டி வேகம் குறையாமத் திரும்பும். அங்க எல்லாரும் சேர்ந்து நின்னு, ஒரே தடவையாக் கடக்கணும். கடலூர் சிப்காட் பக்கம் டேங்கர் லாரி ராத்திரியும் ஓடும், அந்தத் தூரத்தை வெளிச்சத்துல கடக்கற மாதிரி நேரம் போடச் சொல்லுங்க.

தரங்கம்பாடியில சாயங்காலம் தங்குறீங்கன்னா அரை மணி நேரம் ஒதுக்கிக் கடற்கரைப் பக்கம் போங்க. 1620-ல டேனிஷ்காரங்க கட்டின கோட்டை, 1706-ல வந்து இறங்கின ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு எழுப்பி 1718-ல பிரதிஷ்டை ஆன புதிய எருசலேம் ஆலயம் ரெண்டும் பக்கத்துலயே இருக்கு. சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தமிழ்ல அச்சானது இந்த ஊர்லதான். கத்தோலிக்கக் கோயில் இல்ல, இருந்தாலும் இவ்வளவு தூரம் நடந்து வந்து அதைப் பார்க்காமப் போறது வருத்தமா இருக்கும்.

28-ம் தேதி போய்ச் சேர்றதுல ஒரு வசதி, 7-ம் தேதிக் கூட்டம் இருக்காது. ஆனா கொடியேற்றத்துக்கும் அறை முன்கூட்டியே பதிவு பண்ணலன்னா கிடைக்காது. ஜூலையிலயே பேராலய விடுதிக்குக் கேட்டுப் பாருங்க. கூட்டத்துல போன் எடுக்காது, அதனால பிரிஞ்சுட்டா எங்க சந்திக்கிறதுன்னு ஒரு இடத்தை முதல்லயே பேசிடுங்க. பேராலய முன்வாசல்னு சொல்லாதீங்க, அங்கதான் எல்லாரும் நிற்பாங்க. அம்மாவோட கையில உங்க நம்பரைப் பேனாவால எழுதிடுங்க. கொப்புளக் காலோட கடல்ல இறங்க வேண்டாம், மணல் உள்ளே போயிடும், அலையும் இழுக்கும்.

திரும்பி வர பஸ்ல ஏறும்போது ஜன்னல் ஓர சீட்டைவிட நடைபாதைப் பக்க சீட் அம்மாவுக்கு நல்லது, காலை நீட்டிக்கலாம். சிதம்பரத்துல வண்டி நின்னா இறங்கி ஒரு சுத்து நடக்க வைங்க. ஏழு நாள் நடந்த கால் அஞ்சு மணி நேரம் மடக்கியே இருந்தா வீங்கிடும். வீட்டுக்கு வந்தும் ஒரு வாரம் தினம் ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பாருங்க. புண் ஆறாம இருந்தா மறுநாளே டாக்டர்கிட்ட காட்டுங்க.